தாவர உணவும் இதயமும்: தட்டை மாற்ற ஒரு முழு வழிகாட்டி

2017-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் தாவர உணவையே இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் மருத்துவத் துறையில் வேலை பார்க்கும் 2 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் பல ஆண்டுகளாகக் கொடுத்து வந்த உணவுக் கணக்குகள் அவர்களிடம் இருந்தன. ஒரு பக்கம் முழுதானியம், பயறு, கொட்டைப் பருப்புகள், காய், பழம். இன்னொரு பக்கம் தீட்டிய தானியம், இனிப்புப் பானம், வறுத்த உருளைக்கிழங்கு, மிட்டாய். இரண்டுமே மண்ணில் விளைந்தவைதான். ஆனால் முதல் வகையை மிக அதிகமாகச் சாப்பிட்டவர்களுக்கு இதயத் தமனி நோய் வரும் அபாயம் 25 சதவீதம் குறைவாக இருந்தது. இரண்டாவது வகையை மிக அதிகமாகச் சாப்பிட்டவர்களுக்கு 32 சதவீதம் கூடுதலாக இருந்தது.

தாவர உணவைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்தக் கணக்கைத்தான். இறைச்சியையும் வெண்ணெயையும் தட்டிலிருந்து எடுத்துவிடலாம். எடுத்த இடத்தில் எது வந்து உட்காருகிறது என்பதில்தான் இதயத்தின் கதை இருக்கிறது. வெள்ளை ரொட்டியும் சிப்ஸும் வந்து உட்கார்ந்தால், சைவத்துக்கு மாறிய பெருமையைத் தவிர வேறு பலன் எதுவும் கிடைக்காது. கீழே உள்ள ஒவ்வொரு படியும் இந்த மாற்றி வைக்கும் வேலையைப் பற்றியதுதான்.

உடலுக்குள் என்ன நடக்கிறது

படிகளுக்குப் போவதற்கு முன் இதைக் கொஞ்சம் புரிந்துகொள்வது நல்லது. காரணம் தெரிந்தால் அளவுகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

மாரடைப்பு ஒரு நாளில் வந்தாலும் அதற்கான வேலை பல பத்தாண்டுகளாக நடந்திருக்கும். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளின் சுவருக்குள், ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ எனப்படும் எல்டிஎல் துகள்கள் புகுந்து தங்கி, கொழுப்புப் படிவாக வளர்கின்றன. ரத்தத்தில் சுற்றும் எல்டிஎல்-ஐக் குறைப்பது கல்லீரலின் பொறுப்பு. கல்லீரல் செல்களின் மேல் இருக்கும் ஏற்பிகள் அந்தத் துகள்களைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். இதைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. நிறைவுற்ற கொழுப்பு அதிகமாகச் சாப்பிடும்போது இந்த ஏற்பிகளின் வேலை மந்தமாகிவிடும். எல்டிஎல் ரத்தத்திலேயே தங்கும். வெண்ணெய், பாலாடைக்கட்டி, கொழுப்புள்ள இறைச்சி ஆகியவற்றைக் குறைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

கரையும் நார்ச்சத்து வேறு பக்கமாக வந்து உதவுகிறது. கல்லீரல், கொலஸ்ட்ராலைக் கொண்டுதான் பித்த அமிலம் தயாரிக்கிறது. செரிமானம் முடிந்ததும் அதில் பெரும்பகுதி குடலிலிருந்து திரும்பக் கல்லீரலுக்கே போய்ச் சேரும். ஓட்ஸ், பார்லி, பயறு போன்றவற்றிலுள்ள கொழகொழப்பான நார்ச்சத்து அதில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடும். இழந்ததை ஈடுகட்டப் புதிதாகப் பித்த அமிலம் தயாரிக்க வேண்டுமே, அதற்கான கொலஸ்ட்ராலைக் கல்லீரல் ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. கொட்டைகளிலும் விதைகளிலும் இருக்கும் தாவர ஸ்டெரால்கள் உருவத்தில் கொலஸ்ட்ராலைப் போலவே இருப்பவை. குடலில் அதன் இடத்தை இவை பிடித்துக்கொள்வதால் உள்ளே போகும் கொலஸ்ட்ராலின் அளவு குறைகிறது.

ரத்த அழுத்தத்துக்கு இன்னொரு பாதை இருக்கிறது. கீரையிலும் பீட்ரூட்டிலும் உள்ள நைட்ரேட்டை நாக்கின் மேல் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அது உடலுக்குள் நைட்ரிக் ஆக்சைடாகி ரத்தக்குழாய்களைத் தளரவைக்கிறது. நைட்ரிக் ஆக்சைடுக்கு இந்த வேலை இருப்பதைக் கண்டறிந்ததற்காக 1998-இல் மூன்று பேருக்கு நோபல் பரிசு தரப்பட்டது. கிருமிநாசினி கலந்த கடுமையான வாய்க்கழுவியை ஓயாமல் பயன்படுத்தினால் நாக்கிலிருக்கும் அந்தப் பாக்டீரியாக்களும் அழிந்து, கீரையின் இந்தப் பலன் குறைந்துபோகும்.

எல்டிஎல் குறைந்தால் எவ்வளவு பயன்? கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மருந்துகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், எல்டிஎல் டெசிலிட்டருக்கு சுமார் 39 மில்லிகிராம் குறையும்போது மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகக் குறைந்தன. சில ஆண்டுகள் மருந்து சாப்பிட்டவர்களிடம் பார்த்த பலன் இது. இளவயதிலேயே குறைத்து அப்படியே வைத்துக்கொள்பவர்களுக்குப் பலன் இதைவிடக் கூடுதல்.

ஆயுள் கூடுமா?

கூடும் என்று நம்ப நல்ல காரணம் இருக்கிறது. ஆனால் சான்றின் எல்லையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகம் 2002-இல் தொடங்கிய ஆய்வில் அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த ஏராளமானோர் கலந்துகொண்டார்கள். அவர்களில் சுமார் 73,000 பேரின் விவரம் 2013-இல் வெளியானது. சைவ உணவினர் அந்தக் காலகட்டத்தில் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 12 சதவீதம் குறைவாக இருந்தது. இந்த ஆய்வில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. புகையும் மதுவும் அந்தச் சபையில் மிகக் குறைவு. சைவர், அசைவர் இரு தரப்புமே ஒழுங்கான வாழ்க்கை நடத்துபவர்கள். ஆகவே கிடைத்த வித்தியாசத்தில் உணவின் பங்கு ஓரளவு தெளிவாகத் தெரிகிறது.

2022-இல் நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தினர் கணித மாதிரி ஒன்றை வெளியிட்டார்கள். வழக்கமான மேற்கத்திய உணவிலிருந்து 20 வயதில் மாறினால் பெண்ணுக்கு 10.7 ஆண்டுகளும் ஆணுக்கு 13 ஆண்டுகளும் கூடலாம் என்றது அது. 60 வயதில் மாறினால் முறையே 8 மற்றும் 8.8 ஆண்டுகள். 80 வயதில் மாறினாலும் 3.4 ஆண்டுகள். அதிகப் பலன் தந்தவை பயறு வகைகள், முழுதானியம், கொட்டைகள் ஆகிய மூன்றும். சிவப்பு இறைச்சியையும் பதப்படுத்திய இறைச்சியையும் குறைத்ததும் கைகொடுத்தது. இது மதிப்பீடுதான், ஒவ்வொருவருக்குமான உத்தரவாதம் கிடையாது. அவர்கள் எடுத்துக்கொண்ட சிறந்த உணவில் மீனும் இருந்தது. ஆனாலும் “இந்த வயசுக்கு மேல மாறி என்ன ஆகப்போகுது” என்று கேட்பவர்களிடம் அந்த 60 வயதுக் கணக்கைக் காட்டுங்கள்.

மறுபக்கமும் உண்டு. பிரிட்டனில் 48,000 பேரை 18 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு 2019-இல் வெளியானது. சைவர்களுக்கு இதயத் தமனி நோய் 22 சதவீதம் குறைவு, ஆனால் பக்கவாதம் 20 சதவீதம் அதிகம். தலை எண்ணிக்கையாகப் பார்த்தால், 1,000 பேரில் 10 ஆண்டுகளில் இதய நோய் 10 பேருக்குக் குறைந்தது, பக்கவாதம் 3 பேருக்குக் கூடியது. அதே ஆய்வின் 2020 அறிக்கையில், விலங்கு உணவை முழுதாக விட்டவர்களுக்கு எலும்பு முறிவு 43 சதவீதம் அதிகமாக இருந்தது தெரியவந்தது. எடை குறைவாக இருந்ததும், கால்சியமும் புரதமும் போதாமல் போனதும் இதில் ஒரு பங்கை விளக்குகின்றன. 7-ஆம் படியை யாரும் விட்டுவிடக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

படி 1: முதலில் அளந்துகொள்ளுங்கள்

மாற்றம் தொடங்குவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எல்டிஎல் உள்ளிட்ட கொழுப்பு அளவுகள், மூன்று மாதச் சர்க்கரை அளவு, பி12, சிறுநீரகச் செயல்பாடு இவை போதும். ரத்த அழுத்தத்தை ஒரு வாரம் வீட்டிலேயே காலையும் மாலையும் பார்த்துக் குறித்துவையுங்கள். தொடக்க எண் கையில் இல்லாவிட்டால், மூன்று மாதம் கழித்து பலன் இருக்கிறதா என்று ஊகம்தான் செய்ய வேண்டியிருக்கும்.

மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு, உணவு மாறியதும் அளவுகள் மளமளவென்று இறங்கலாம். மருந்தின் அளவு அப்படியே இருந்தால் மயக்கம் வரும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுப்பவர்கள் கீரையை விட வேண்டியதில்லை, ஆனால் அளவு வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கக் கூடாது. கீரையின் வைட்டமின் கே அந்த மருந்தோடு மோதும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குக் காய், பழம், பயறில் நிறைய இருக்கும் பொட்டாசியம் ஆபத்தாகலாம். ஸ்டாடின் எடுப்பவர்கள் பம்பளிமாஸ் வகையைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட் பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், சில ஸ்டாடின்களின் அளவை அது ரத்தத்தில் ஏற்றிவிடும்.

எந்த மருந்தையும் உணவை நம்பி நீங்களாக நிறுத்தாதீர்கள். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களும் ஸ்டென்ட் வைத்தவர்களும் இந்த வரியை இரண்டு முறை படியுங்கள்.

படி 2: பயறைக் கொண்டுவாருங்கள்

எதையும் நிறுத்துவதற்கு முன்பே இதைத் தொடங்கிவிடலாம். ஒரே ஒரு மாற்றம்தான் முடியும் என்றால் நான் இதைத்தான் கைகாட்டுவேன்.

பருப்பு, பயறு, கொண்டைக்கடலை, ராஜ்மா, சோயா எல்லாமே ஒரே குடும்பம். வேகவைத்த பருப்பு ஒரு கோப்பையில் சுமார் 18 கிராம் புரதமும் 15 கிராம் நார்ச்சத்தும் இருக்கின்றன. இறைச்சி புரதத்தோடு நிறைவுற்ற கொழுப்பைக் கொண்டுவரும். பயறு அதே புரதத்தோடு நார்ச்சத்தைக் கொண்டுவரும். 26 சோதனைகளைத் தொகுத்த 2014-ஆம் ஆண்டு ஆய்வில், தினமும் சுமார் 130 கிராம் வேகவைத்த பயறு சாப்பிட்டவர்களுக்கு எல்டிஎல் ஏறக்குறைய 5 சதவீதம் குறைந்தது. சின்ன எண்ணாகத் தெரியலாம். கீழே வருபவற்றோடு இது சேரும்போதுதான் கணக்கு பெரிதாகும்.

முதல் வாரத்தில் பலரையும் பின்வாங்க வைப்பது வயிற்று உப்புசம். குடலில் வாழும் பாக்டீரியாக்களுக்கு இது புது வரவு, பழகிக்கொள்ள இரண்டு மூன்று வாரம் வேண்டும். ஆகவே முதல் வாரம் நாளுக்கு இரண்டு கரண்டி மட்டும். தோல் நீக்கிய பருப்பிலிருந்து தொடங்குங்கள், முழுப் பயறு அப்புறம். இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். விரலால் நசுக்கினால் மாவாகக் குழைய வேண்டும், அரைவேக்காடு கூடாது. நாளெல்லாம் தண்ணீரும் போதுமான அளவு குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நார்ச்சத்தே மலச்சிக்கலாகும்.

ராஜ்மாவுக்கு ஓர் எச்சரிக்கை. வேகாத ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் நச்சு சில விதைகளிலேயே கடும் வாந்தியை வரவழைக்கும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும். குறைந்த சூட்டில் மெல்ல வேகவைக்கும் மின்பாத்திரத்தில் நேரடியாகப் போடாதீர்கள், அந்தச் சூடு நச்சை அழிக்கப் போதாது.

படி 3: தானியத்தை மாற்றுங்கள்

தீட்டிய அரிசியும் வெள்ளை மாவும் தவிடையும் முளையையும் இழந்துவிட்டவை. அந்த இடத்துக்குத் தீட்டாத அரிசி, முழுக்கோதுமை, சிறுதானியம், ஓட்ஸ், பார்லி வர வேண்டும். ஒரே நாளில் முழுவதையும் மாற்ற வேண்டாம். முதலில் பாதிக்குப் பாதி கலந்து சமையுங்கள், நாக்கு பழகியதும் அளவைக் கூட்டுங்கள்.

எல்டிஎல்-ஐக் குறைக்க வேண்டியவர்களுக்கு ஓட்ஸும் பார்லியும் தனிச் சிறப்பு. அவற்றிலுள்ள பீட்டா குளூக்கன் என்ற கரையும் நார்ச்சத்து நாளுக்கு 3 கிராம் உள்ளே போனால் எல்டிஎல் டெசிலிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவுக்குக் குறைகிறது. அதற்குச் சுமார் 75 கிராம் காய்ந்த ஓட்ஸ் வேண்டும். சர்க்கரை சேர்த்த உடனடி ஓட்ஸ் பொட்டலங்களில் அளவும் குறைவு, இனிப்பும் அதிகம். ஓட்ஸ் பிடிக்காதவர்கள் இசப்கோல் எடுக்கலாம். நாளுக்கு 10 கிராம் இசப்கோலிலும் இதே அளவு பலன் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. ஒரு பெரிய குவளைத் தண்ணீரோடு குடிக்க வேண்டும், மருந்துகளிலிருந்து ஓரிரு மணி நேரம் தள்ளிக் குடிக்க வேண்டும்.

மொத்த நார்ச்சத்து நாளுக்கு 25 முதல் 29 கிராம் என்பது நல்ல இலக்கு. உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன்பேரில் நடந்த 2019 தொகுப்பாய்வில், நார்ச்சத்து அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இதய நோயால் வரும் மரணம் உட்படப் பல அபாயங்கள் 15 முதல் 30 சதவீதம் குறைவாக இருந்தன. அதிகப் பலன் தெரிந்தது இந்த அளவில்தான்.

படி 4: கொழுப்பை நீக்குவதைவிட மாற்றுவது மேல்

1970-களின் தொடக்கத்தில் ஃபின்லாந்தின் வட கரேலியா பகுதியில் நடுவயது ஆண்கள் மாரடைப்பில் கொத்துக்கொத்தாக இறந்துகொண்டிருந்தார்கள். உலகிலேயே மிக மோசமான நிலை. 1972-இல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவரின் தலைமையில் அங்கே ஒரு திட்டம் தொடங்கியது. வெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெய், குறைந்த உப்பு, கூடுதல் காய்கறி, புகையை விடுதல். பால் பண்ணையாளர்கள் பிழைப்புக்கு என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது, அவர்களில் பலர் பெர்ரிப் பழச் சாகுபடிக்கு மாற உதவி கிடைத்தது. சில பத்தாண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களிடையே இதய நோய் மரணம் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. புகையை விட்டதற்கும் இதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் கொலஸ்ட்ரால் இறங்கியதுதான் முதன்மையான காரணம். அவர்கள் யாரும் முழுச் சைவராகிவிடவில்லை என்பதையும் கவனியுங்கள். கொழுப்பின் வகையை மாற்றினார்கள், அதுவே அவ்வளவு தூரம் கொண்டுபோனது.

வெண்ணெய் வகைகளின் இடத்தில் கடுகு, ஆலிவ், சூரியகாந்தி, சோயா, கடலை போன்ற திரவ எண்ணெய்களைப் பயன்படுத்தலாம். தாவரத்திலிருந்து வருவதாலேயே எல்லா எண்ணெயும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கும் மேல் நிறைவுற்ற கொழுப்பு, வெண்ணெயில் இருப்பதைவிட அதிகம். பாமாயிலில் ஏறக்குறைய பாதி. மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்ட சோதனைகளில் தேங்காய் எண்ணெய் எல்டிஎல்-ஐ டெசிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் ஏற்றியது. ஓட்ஸ் சாப்பிட்டுக் குறைத்ததை இது அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். வாசனைக்காகக் கொஞ்சம் சேர்ப்பது வேறு, அன்றாடச் சமையல் எண்ணெயாக வைத்துக்கொள்வது வேறு.

தினமும் ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் கொட்டைகள். வால்நட், பாதாம், பிஸ்தா, வேர்க்கடலை எதுவும் சரி, உப்புச் சேர்க்காதது. ஸ்பெயினில் சுமார் 7,400 பேரிடம் நடந்த பிரெடிமெட் சோதனையில், மத்தியதரைக் கடல் பகுதி உணவோடு இந்த அளவு கொட்டைகளையோ தாராளமாக ஆலிவ் எண்ணெயையோ சேர்த்துக்கொண்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. அதுவும் மீன் உள்ள உணவுதான். கொட்டைகளை இருக்கும் உணவின் மேல் கூடுதலாகச் சேர்த்தால் எடை ஏறலாம், பிஸ்கட்டும் வறுவலும் இருந்த இடத்தில் வையுங்கள்.

படி 5: காய், பழம், உப்பு

காயும் பழமும் சேர்ந்து நாளுக்குக் குறைந்தது 400 கிராம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 800 கிராம் வரை பலன் கூடிக்கொண்டே போவதாகத் தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன. தட்டில் பாதி காய் என்று வைத்துக்கொண்டால் எடைபோட வேண்டிய தேவை இருக்காது. பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள், சாறாக்கினால் நார்ச்சத்து போய்ச் சர்க்கரைதான் மிஞ்சும்.

1997-இல் வெளியான டாஷ் சோதனையில், காய், பழம், கொழுப்பு குறைந்த பால் வகைகள் நிறைந்த உணவு, உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்களின் மேல் அளவைச் சராசரியாக 11 புள்ளி குறைத்தது. உப்பின் அளவு மாறவே இல்லை. பெரிய மாற்றம் இரண்டே வாரத்தில் தெரிந்துவிட்டது. ஒரு மாத்திரை செய்யும் வேலை இது.

உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி, ஒளிந்திருப்பதையும் சேர்த்து. ஊறுகாய், சாஸ், ரொட்டி, பொட்டல நொறுக்குத்தீனி, செடியிலிருந்து செய்த பதப்படுத்திய ‘இறைச்சி’ ஆகியவற்றில் அது நிறையவே ஒளிந்திருக்கிறது. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான சோதனையில், சாதாரண உப்புக்குப் பதில் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. சிறுநீரக நோய் உள்ளவர்களும், பொட்டாசியத்தை ஏற்றும் ரத்த அழுத்த மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அந்த உப்பைத் தொடக் கூடாது.

படி 6: எல்லாவற்றையும் ஒரே தட்டில் சேருங்கள்

டொரான்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸ் ஒரு நல்ல கேள்வி கேட்டார். தனித்தனியாக ஐந்தும் ஆறும் சதவீதம் குறைக்கும் உணவுகளை ஒன்றாகச் சேர்த்தால் என்ன ஆகும்? நிறைவுற்ற கொழுப்பு மிகக் குறைந்த சைவ உணவில், கொட்டைகள், சோயா போன்ற தாவரப் புரதம், கொழகொழப்பான நார்ச்சத்து, நாளுக்கு 2 கிராம் அளவு தாவர ஸ்டெரால் ஆகிய நான்கையும் சேர்த்தார். வெண்டைக்காயும் கத்திரிக்காயும் அந்தப் பட்டியலில் இருந்தன. 2003-இல் வெளியான முடிவில், நான்கே வாரத்தில் எல்டிஎல் 28.6 சதவீதம் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்த்த ஸ்டாடின் குழுவில் குறைந்தது 30.9 சதவீதம்.

ஆனால் அந்தச் சோதனையில் உணவை ஆய்வாளர்களே கொடுத்தார்கள். 2011-இல் ஆலோசனை மட்டும் கொடுத்து, சமையலை மக்களிடமே விட்டுப் பார்த்தபோது ஆறு மாதத்தில் குறைந்தது 13 சதவீதம். சராசரி மனிதருக்கு, சராசரி சமையலறையில் கிடைப்பது இந்த 13 என்று எடுத்துக்கொள்வதே நேர்மை. அதுவும் நல்ல பலன்தான். இன்னும் ஒழுங்காகச் செய்பவர்களுக்கு மேலே ஏற இடம் இருக்கிறது.

ஒரு நாள் எப்படி இருக்கும்? காலையில் 75 கிராம் ஓட்ஸ், சர்க்கரை சேர்க்காத சோயா பால், ஒரு மேசைக்கரண்டி பொடித்த ஆளி விதை, ஒரு ஆப்பிள். மதியம் ஒரு கோப்பை வெந்த பருப்பு அல்லது பயறு, தட்டில் பாதிக்குக் காய், தீட்டாத தானியம் ஒரு பங்கு. மாலையில் கைப்பிடிக் கொட்டைகள். இரவுச் சாப்பாட்டில் கைவைப்பதற்கு முன்பே நார்ச்சத்து 30 கிராமைத் தாண்டியிருக்கும். இரவு டோஃபு (சோயா பனீர்) அல்லது கொண்டைக்கடலை, கீரை, முழுக்கோதுமை ரொட்டி. பலநாள் ஒரே மாதிரி இருந்தாலும் பரவாயில்லை, பழக்கமானால்தான் நிற்கும்.

படி 7: விட்டுப்போவதை ஈடுகட்டுங்கள்

பி12 விஷயத்தில் பேரம் கிடையாது. பெரியவர்களுக்கு நாளுக்கு 2.4 மைக்ரோகிராம் வேண்டும், தாவர உணவில் நம்பத்தக்க மூலம் இல்லை. ஸ்பைருலினாவில் இருப்பதாகச் சொல்வது பெரும்பாலும் உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். கல்லீரலின் சேமிப்பு சில ஆண்டுகள் தாங்கும், அதனால் குறை உடனே தெரியாது. தெரியும்போது கால் மரத்துப்போதல், தள்ளாட்டம், மறதி என்று நரம்பைத் தொட்டிருக்கும். பி12 குறைந்தால் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஏறும். அது ரத்தக்குழாய்க்கு நல்லதல்ல, பக்கவாத அபாயத்தோடும் தொடர்புள்ளது. விலங்கு உணவை முழுதாக விட்டவர்கள் நாளுக்கு 50 மைக்ரோகிராம் அல்லது வாரத்துக்கு 2,000 மைக்ரோகிராம் மாத்திரை எடுக்கலாம். குடல் ஒரு நேரத்தில் மிகச் சிறு அளவையே உறிஞ்சும், அதனால்தான் எண் இவ்வளவு பெரிது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மருந்தோ நெஞ்செரிச்சல் மருந்தோ நெடுநாளாக எடுப்பவர்களுக்கு இந்தக் குறைபாடு இன்னும் எளிதாக வரும்.

கால்சியத்துக்குப் பசலைக்கீரையை நம்பாதீர்கள். அதிலுள்ள ஆக்சலேட்டால் 5 சதவீதம்தான் உடலில் சேரும். கால்சியம் சேர்த்த சோயா பால், கால்சியம் உப்பால் திரித்த டோஃபு, புரோக்கோலி, எள் ஆகியவை மேல். எலும்புக்கு வைட்டமின் டி, போதுமான புரதம், எடை தூக்கும் உடற்பயிற்சி மூன்றும் வேண்டும். 50 வயதைத் தாண்டிய பெண்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

இரும்புக்குப் பயறோடு எலுமிச்சை, தக்காளி போன்ற வைட்டமின் சி உள்ளதைச் சேருங்கள். தேநீர், காபியைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். ஒமேகா 3-க்கு ஆளி விதை, சியா, வால்நட். ஆளியை முழுதாக விழுங்கினால் அப்படியே வெளியே போய்விடும், பொடித்தே சாப்பிட வேண்டும். மீனில் இருக்கும் நீண்ட சங்கிலி வடிவமாக உடல் இதை மாற்றுவது குறைவு, வேண்டுமென்றால் கடல்பாசி எண்ணெய் மாத்திரை இருக்கிறது. அயோடின் சேர்த்த உப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

படி 8: திரும்ப அளந்து, அதற்கேற்பத் திருத்துங்கள்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 22 ஜோடி ஒத்த இரட்டையரை வைத்து நடத்திய சோதனை 2023-இல் வெளியானது. இரட்டையரில் ஒருவருக்கு முழுத் தாவர உணவு, இன்னொருவருக்கு இறைச்சியும் சேர்ந்த ஆரோக்கியமான உணவு. எட்டு வாரத்தில் தாவர உணவு சாப்பிட்டவரின் எல்டிஎல், உடன்பிறந்தவரைவிட டெசிலிட்டருக்குச் சுமார் 14 மில்லிகிராம் கூடுதலாக இறங்கியிருந்தது. மரபணு ஒன்றே, வளர்ப்பும் பெரும்பாலும் ஒன்றே, மாறியது தட்டு மட்டும். ஆகவே நீங்களும் 8 முதல் 12 வாரத்துக்குள் அதே பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள், முடிந்தால் அதே ஆய்வுக்கூடத்தில்.

எல்டிஎல் நன்றாக இறங்கியிருந்தால், மருந்தைக் குறைக்கலாமா என்று மருத்துவரிடம் பேசலாம். கொஞ்சம்தான் இறங்கியிருந்தால் மூன்று நாள் சாப்பிட்டதை ஒன்றுவிடாமல் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் தேங்காய் எண்ணெய், பாலாடைக்கட்டி, கடையில் வாங்கிய பொரித்த பண்டம் என்று ஒன்று அகப்படும். டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறியிருந்தால் பழச்சாறு, சர்க்கரை, வெள்ளை மாவு, மது ஆகியவற்றைச் சந்தேகியுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் எண் அசையவில்லை என்றால் அது உங்கள் குற்றம் இல்லை. லிப்போபுரோட்டீன் ஏ என்ற துகளின் அளவை மரபணுதான் தீர்மானிக்கிறது, உணவு அதை ஏறக்குறைய தொடுவதே இல்லை. வாழ்நாளில் ஒருமுறை அதை அளந்துகொள்வது நல்லது. எல்டிஎல் மருந்தில்லாமல் டெசிலிட்டருக்கு 190 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், பரம்பரையாக வரும் உயர் கொலஸ்ட்ராலாக இருக்கலாம். ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இது உண்டு. உணவோடு மருந்தும் கட்டாயம் வேண்டும். அப்படித் தெரியவந்தால் உங்கள் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர இரண்டில் ஒரு வாய்ப்பு இருக்கிறது.